ஏழாம் நம்பர் காரின் எண்ணெய்

ஏழாம் நம்பர் கார் காலை ஏழே காலுக்கு முதல் தடவை செத்தது. ஏழு இருபதுக்கு மறுபடியும் செத்தது. கொன்றவன் யார் என்று எனக்குத் தெரியும். பக்கவாட்டுக் கண்ணாடியில் குனிந்து பார்த்தால் அவன் தெரிவான்: ஐம்பத்தொரு வயது, மீசைக்கு மட்டும் மை போட்டு, தலையை நரைக்கு விட்டுவிட்டவன்.

பேராக் மாநிலத்து ஜெலாப்பாங்கில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருக்கும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் நான் மெக்கானிக். பெயர் தனேஸ்வரன். மொத்தம் ஒன்பது கார்கள். புதன்கிழமை என்றால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அதிகாரிகள் வந்து லைசென்ஸ் சோதனை எடுப்பார்கள். இது புதன்கிழமை. இன்று சோதனைக்கு நிற்கிறவர்களில் ஒருவர் பாப்பா அக்கா.

பாப்பா அக்கா எனக்கு உடன்பிறந்த அக்கா இல்லை. பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில், அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். தோட்டம் எண்ணெய் எடுக்கிற செம்பனையாகி, செம்பனை வீட்டு மனையாகி, இப்போது இருவரும் ஜெலாப்பாங்கில் ஒரே மலிவு விலை அடுக்குமாடியில் இருக்கிறோம். அவர் நான்காவது மாடி, நான் முதல் மாடி. லிஃப்ட் கெட்டுப்போகும் நாட்களில் அவர் என் வீட்டு வாசலில் நின்று மூச்சு வாங்கியபடி என்னைத் திட்டுவார். லிஃப்டுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அவர் வேலை பார்ப்பது ஒரு துப்புரவுக் கம்பெனியில். சித்தியவானில் புதிதாக ஓர் இடம் எடுத்திருக்கிறார்கள். ஆறு பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய், வேலை வாங்கி, திரும்பக் கொண்டுவர ஒரு சூப்பர்வைசர் வேண்டும். பதினெட்டு வருடம் துடைப்பத்தோடு நின்றவருக்கு அந்த இடம் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். வேன் கையால் கியர் மாற்றுகிற வேன். திங்கட்கிழமைக்குள் லைசென்ஸ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆள். பழகுவதற்கான அவருடைய எல் லைசென்ஸோ இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இரண்டு வருடக் கெடு, இனி நீட்ட முடியாது. மூன்று தடவை பெயில். மூன்றும் புக்கிட்டில். அந்தச் செயற்கை மேட்டில் ஏறி, மஞ்சள் கட்டத்துக்குள் நிறுத்தி, கை காட்டிவிட்டு மறுபடி ஏற வேண்டும். பின்னால் உருண்டால் வீட்டுக்குப் போகலாம்.

அவரை இந்தப் பள்ளியில் சேர்த்துவிட்டவன் நான். ஆகவே பொறுப்பு எனக்கு இருந்தது. பொறுப்பு வந்தால் நான் ஏதாவது செய்வேன். அதுதான் ஆபத்து.

போன வாரம் பயிற்சி முடிந்து இறங்கிய அக்கா, "தனேசு, இந்தக் காரு டிக்கு டிக்குன்னு அடிக்குதுலா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் பயப்படுகிறார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். நேற்று மாலை எல்லோரும் போனபிறகு ஏழாம் நம்பர் காரின் எண்ணெயை வடித்தேன். எண்ணெய் ஊற்றும் மூடியிலேயே எந்த எண்ணெய் என்று அச்சடித்திருக்கிறது: ஜீரோ டுவென்டி. அந்த டப்பாவைத் திறந்து விரலில் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் மாதிரி ஓடியது. மனசு ஒப்பவில்லை.

என் அப்பா தோட்டத்து ரப்பர் பால் கொட்டகையில் வேலை பார்த்தவர். வாளிப் பாலில் கண்ணாடி மானியை மிதக்கவிட்டுத் தடிமன் பார்ப்பது அவர் வேலை. பால் கெட்டியாக இருந்தால் நல்ல ஆள். நீர்த்திருந்தால் திருட்டு ஆள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மனிதர்களையே அப்படித்தான் பிரித்தார்கள். அந்த ரத்தம் என் உடம்பில் ஓடுகிறது, அதுவும் கொஞ்சம் கெட்டியாக. எனவே ஜீரோ டுவென்டி டப்பாவை மூடி அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டு, லாரிக்கு ஊற்றுகிற டுவென்டி ஃபிஃப்டியை எடுத்தேன். தேன் மாதிரி இறங்கியது. சத்தம் அடங்கியது. சோதனை நாளில் அக்காவுக்கு என் பங்கு என்று சொல்லிக்கொண்டு, கை கழுவி, விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் காரைக் கிளப்பி, ஒரு மிதி மிதித்து, காலை எடுத்தேன். என்ஜின் ஓட்டத்தைக் காட்டும் ஊசி கீழே விழுந்தது, விழுந்தது எழவில்லை. இரண்டாவது தடவையும் அப்படியே. அப்போதுதான், முப்பது வருட மெக்கானிக்குக்கு, பன்னிரண்டு மணி நேரம் தாமதமாக, மூளை வேலை செய்தது.

இந்தக் கால என்ஜின்களில் வால்வு எப்போது திறக்க வேண்டும் என்பது ஓட்டத்தைப் பொறுத்து மாறும். வேகமாகப் போனால் கொஞ்சம் முன்னால் திறக்கும். நின்றால் பழைய இடத்துக்குத் திரும்பும். அதைத் தள்ளுவதும் இழுப்பதும் வேறு எதுவுமில்லை, என்ஜின் எண்ணெய்தான். கேம் ஷாஃப்டின் நுனியில் ஒரு சக்கரம் இருக்கிறது. அதற்குள் ஊசித் துளை மாதிரி வழிகள். மெல்லிய எண்ணெய் கண்ணிமைக்கும் நேரத்தில் உள்ளே போய் வெளியே வந்துவிடும். கெட்டி எண்ணெய் அந்தத் துளையில் திருமணக் கூட்டம் மாதிரி முட்டிக்கொண்டு நிற்கும். கால் எடுத்தாயிற்று, ஓட்டம் குறைந்தாயிற்று, ஆனால் வால்வு இன்னும் ஓட்டத்தில் இருப்பதாக நினைத்துத் திறக்கிறது. என்ஜினுக்கு மூச்சு முட்டுகிறது. நிற்கிறது.

ஏறிவிட்டுக் கால் எடுக்கிற இடத்தில்தான் நிற்கும். இந்தத் திடலில் அப்படி ஓர் இடம் ஒன்றே ஒன்றுதான்: புக்கிட்டின் மஞ்சள் கட்டம்.

எண்ணெய் சூடானால் கொஞ்சம் இளகும். ஆகவே திடலைச் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். எண்ணெய் தண்ணீராக வேண்டும் என்று வாழ்நாளில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டேன். இருபது நிமிடம் கழித்துக் காலை எடுத்தபோது ஊசி விழுந்து, நடுங்கி, பிழைத்தது. அப்பாடா என்றிருந்தது. அதே நேரம் மழை பிடித்தது.

பள்ளியின் முதலாளி ஸ்கந்தராஜா சார் குடையோடு வந்தார். பொதுப்பணித் துறையில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துத் தாத்தா காலத்துப் பேச்சை இன்னும் இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார்.

"தம்பி, ஏழாம் நம்பர் சத்தமில்லாமல் ஓடுது. நல்ல வேலை. என்ன செய்தனீர்?"

"சும்மா டியூனிங் பண்ணேன் சார்."

அவர் என் தோளைத் தட்டினார். சென்ற ஆண்டு புல்வெட்டும் இயந்திரத்துக்கு நான் கியர் எண்ணெய் ஊற்றியபோது, இன்னொரு தடவை உம்முடைய சொந்த மூளையைப் பாவிச்சீரெண்டால் வீட்டோடு இருக்கலாம் என்று சொன்னவர். அந்தக் கை தோளில் இருந்தவரை நான் காரின் முன்பக்கம் பார்க்கவே இல்லை.

எட்டு மணிக்குப் பட்டியல் ஒட்டினார்கள். ஏழாம் நம்பர் கார்: முதலில் பிரதீபா, இரண்டாவது பாப்பா. அதற்குப் பிறகு யார் என்று நான் படிக்கவில்லை.

அதிகாரி புவான் நோராய்னி, அதாவது நோராய்னி மேடம், விதிகளை விளக்க ஆரம்பித்தார். எல்லாக் கார்களும் அணைக்கப்பட்டு வரிசையில் நின்றன. மழை ஏழாம் நம்பர் காரின் பானட்டில் விழுந்து ஆவியாகப் போனது. அது ஆவி இல்லை, என் இருபது நிமிட உழைப்பு. விளக்கம் முப்பத்தைந்து நிமிடம் நடந்தது. பதிவு செய்தவர்களிடம் வெளியாட்கள் பேசக் கூடாது என்பது விதி. நான் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம், அக்கா கூரைக்கடியில் பிளாஸ்டிக் நாற்காலியில். என்னைப் பார்த்துக் கட்டைவிரல் காட்டினார். நானும் காட்டினேன். என் கட்டைவிரலைப்போல ஒரு பொய்யன் பேராக்கில் இல்லை.

சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். சொன்னால் காரை நிறுத்திவிடுவார்கள். காரை நிறுத்தினால் அக்காவுக்கு இன்று சோதனை கிடையாது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எல் கிடையாது, திங்கட்கிழமை வேன் கிடையாது. சொல்லாவிட்டால்? ஒருவேளை என்ஜின் பிழைக்கலாம். நான் அந்த ஒருவேளையைப் பிடித்துக்கொண்டு வேலியில் தொங்கினேன்.

பிரதீபா பத்தொன்பது வயதுக் கல்லூரிப் பெண். ஒழுங்காக ஏறினாள். மஞ்சள் கட்டத்தில் துல்லியமாக நிறுத்தினாள், ஹேண்ட்பிரேக் இழுத்தாள், கை காட்டினாள். என்ஜின் செத்துவிட்டது. கூரையில் அடிக்கிற மழையில் அது அவளுக்குக் கேட்கவில்லை. சத்தமே இல்லாத என்ஜினை அவளுக்குச் செய்து கொடுத்தவன் நான். உயிரோடு இருப்பதாக நினைத்து ஹேண்ட்பிரேக்கை இறக்கினாள். கார் அப்படியே பின்னால் வழுக்கி, கோட்டைத் தாண்டி, அடிவாரத்தில் நின்றது.

சிவப்புக் கொடி காட்டினார்கள். பெண் இறங்கி வந்து மழையில் நின்றாள். ஸ்கந்தராஜா சார் போய், "பயந்திட்டீர் பிள்ளை, கிளட்ச்சைப் பட்டெண்டு விட்டிட்டீர்" என்றார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். "நாந்தான் அங்கிள், என் தப்புதான்" என்றாள்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

காரை மறுபடி தொடக்கக் கோட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். பாப்பா அக்கா எழுந்து, பையை நாற்காலியில் வைத்து, செருப்பைச் சரிசெய்து, காரை நோக்கி நடந்தார். கதவைத் திறந்தும் விட்டார்.

நான் வேலியைத் தாண்டினேன். தாண்டினேன் என்று எழுதுவது மரியாதைக்காக. நடந்தது, விழுந்தேன். எழுந்து, ஒரு காலில் சப்பாத்தும் ஒரு காலில் காலுறையுமாக, திடலின் நடுவில் ஓடினேன்.

"அக்கா, ஏறாதீங்க. கார்ல கோளாறு."

மூன்று அதிகாரிகள் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். ஸ்கந்தராஜா சாரின் குடை மடங்கியது.

புவான் நோராய்னி உரத்துப் பேசவில்லை. "சியாப்பா இனி?" என்றார். யார் இது.

"மெக்கானிக், புவான். நேத்து இந்தக் காருக்குத் தப்பான எண்ணெ ஊத்துனது நாந்தான்" என்று மலாயில் சொன்னேன். என் மலாய் சாதாரணமாக இவ்வளவு சுத்தமாக வராது.

ஸ்கந்தராஜா சார் பக்கத்தில் வந்துவிட்டார். "மூடியிலே எழுதியிருக்குத்தானே?"

"எழுதியிருக்கு சார்."

"வாசிச்சனீரோ?"

"வாசிச்சேன்."

"பிறகு?"

"நம்பல சார்."

அவர் குடையைத் திறந்தார், மூடினார். சொல்ல வந்ததை எனக்குச் சொல்லாமல் குடைக்குச் சொன்னது போலிருந்தது.

புவான் நோராய்னி என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொல்லி, நிரூபிக்கச் சொன்னார். கிளப்பினேன். மிதித்தேன். காலை எடுத்தேன். ஊசி விழுந்தது. மழையைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அவர் குனிந்து ஊசியைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஏழாம் நம்பர் காரைப் பட்டியலிலிருந்து எடுக்கப்போவதாகச் சொன்னார். பிரதீபாவின் ஓட்டம் கணக்கில் சேராது, அது காரின் பிழை. மற்ற கார்களில் ஆள் நிரம்பிவிட்டது. பதினொரு மணிக்குள் இதே கார் சரியாகி, அவரே ஏறி ஓட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டால் சோதனை தொடரும். இல்லையென்றால் இந்தக் காரில் இருக்கிற அனைவரும் அடுத்த மாதம். நான் எழுத்தில் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

மணி ஒன்பது ஐம்பது.

எண்ணெய் வடிக்கப் பத்து நிமிடம், ஊற்ற ஐந்து நிமிடம் என்பது சும்மா இருக்கிற நாளின் கணக்கு. காரைப் பட்டறைக்குக் கொண்டுபோய், எண்ணெய் இளகட்டும் என்று ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைத்து, தூக்கி நிறுத்தி அடியில் படுத்தேன். வடிகால் போல்ட்டைத் தளர்த்தினேன். சூட்டு எண்ணெய் முழங்கை வரை வழிந்தது. கையை எடுக்கவில்லை, எடுத்தால் போல்ட் எண்ணெய்த் தட்டுக்குள் விழும், தேட ஐந்து நிமிடம் போகும். நான் ஊற்றிய தேன் சொட்டுச் சொட்டாக, எந்த அவசரமும் இல்லாமல், ராஜா மாதிரி இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது போன்ற தண்டனை எந்தச் சட்டப் புத்தகத்திலும் இருக்காது.

காரின் பக்கத்தில் இரண்டு ரப்பர் செருப்புகள் வந்து நின்றன.

"தனேசு."

"அக்கா. நீங்க இங்க வரக்கூடாது. பேசக்கூடாதுன்னு ரூல்."

"அந்தப் புவான்கிட்டக் கேட்டுட்டுத்தான் வாரேன். எனக்காகவா ஊத்துன?"

அடியிலிருந்து அவருடைய முகம் தெரியவில்லை. அதனால் உண்மையைச் சொல்ல முடிந்தது. "சத்தம் கேட்டு நீங்க பயந்தீங்களேன்னு..."

"யாருடா பயந்தா?" செருப்பு ஒன்று நகர்ந்தது. "எனக்கு அந்த ஊசியெல்லாம் பார்க்கத் தெரியாது. கண்ணாடி போட்டா மேடு தெரியல, கழட்டுனா ஊசி தெரியல. அந்த டிக்கு டிக்க வச்சித்தான் கிளட்ச்ச விடுவேன். அது மெதுவானா காலு எங்க இருக்கணும்னு எனக்குத் தெரியும். மூணு தடவ பெயிலாயி, இந்தக் காருலதான் அதக் கண்டுபிடிச்சேன். அதச் சந்தோசமா வந்து உங்கிட்டச் சொன்னா, நீ அத அமுக்கிட்ட."

எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. முப்பது வருடமாக என்ஜினைக் காது கொடுத்துக் கேட்கிறவன், ஒரு மனுஷி சொன்னதைக் கேட்கவில்லை.

"இப்ப என்ன பண்ணணும்?" என்றார்.

"இந்த எண்ணெ முழுசா வடியணும். வடிஞ்சாலும் உள்ள, அந்தச் சின்ன ஓட்டைங்கள்ல கொஞ்சம் நிக்கும். ஃபில்டர் புதுசு இல்ல, பழசுதான். நல்ல எண்ணெ ஒரு டப்பாதான் இருக்கு. கழுவ ஒண்ணு, ஊத்த ஒண்ணுன்னு இருந்தா தைரியமாச் சொல்லுவேன்."

"அப்போ தைரியம் இல்லாமச் சொல்லு."

"பாதிக்கு மேல சரியாகும் அக்கா."

"சரி. அந்தச் சத்தத்த எனக்குத் திருப்பிக் கொடு. மீதிப் பாதிய நான் பாத்துக்கிறேன்."

செருப்புகள் போய்விட்டன.

ஃபில்டரைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு சொட்டும் விழாதவரை குலுக்கி மாட்டினேன். அலமாரிக்குப் பின்னாலிருந்த டப்பாவை எடுத்து அரை லிட்டர் மட்டும் ஊற்றி, அதையும் வடித்து வீணாக்கினேன். உள்ளே இருப்பதைக் கொஞ்சமாவது கழுவிக்கொண்டு வரட்டும் என்று. மீதியை ஊற்றினேன். அளவுக்கம்பியில் கீழ்க்கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் நின்றது. போதும். கிளப்பினேன். எண்ணெய் விளக்கு அணைந்தது. பிறகு மெல்ல, முதலில் மழையோ என்று சந்தேகப்படும்படி, டிக்கு டிக்கு என்று கேட்டது.

மணி பத்து நாற்பத்தெட்டு. புவான் நோராய்னி ஏறினார். மேட்டில் ஏறி நிறுத்தினார். ஊசி விழுந்ததை நான் பார்க்கவில்லை, காரின் உடம்பு ஒரு தடவை உதறியதைப் பார்த்தேன். நிற்கவில்லை. மறுபடி ஏறினார். இறங்கி வந்து, "இன்னும் கொஞ்சம் நடுங்குது" என்றார். ஸ்கந்தராஜா சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். புவான் அக்காவிடம் திரும்பி, அடுத்த மாதம் வேண்டுமா, இப்போதே வேண்டுமா என்று கேட்டார்.

"இப்போவே, புவான்" என்றார் அக்கா.

மழை விட்டிருந்தது. அக்கா ஏறினார். ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்து இருக்கையில் வைத்தார். கார் மேட்டை நோக்கி நகர்ந்தது, ஏறியது, மஞ்சள் கட்டத்தில் நின்றது. கை வெளியே வந்தது.

கார் உதறியது. வேலியில் இருந்த என் விரல்களுக்கு அது தெரிந்தது. உள்ளே மிச்சமிருந்த என் முட்டாள்தனம் ஏதோ ஒரு துளையில் அடைத்துக்கொண்டு நிற்கிறது. சத்தம் மெதுவாயிற்று, இடைவெளி விட்டது, நின்றுவிடும் என்று நினைத்தேன். இந்த இடத்தில் எல்லோரும் செய்வது ஒன்று, பதறி ஹேண்ட்பிரேக்கை இறக்குவது. அக்கா அசையவில்லை. தலையை மட்டும் ஜன்னல் பக்கம் சாய்த்தார். ஒன்று. இரண்டு. சத்தம் மீண்டும் கூடியது. அவர் காலை எங்கே வைத்தாரோ, கிளட்ச்சை எந்த அளவு விட்டாரோ தெரியாது. காரின் மூக்கு லேசாகத் தூக்கியது. ஹேண்ட்பிரேக் இறங்கியது. ஒரு விரற்கடை கூடப் பின்னால் வராமல் கார் மேட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்கியது.

பக்கத்தில் நின்ற பிரதீபா கைதட்டினாள். நான் கைதட்டவில்லை, வேலிக் கம்பியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

பக்கவாட்டில் நிறுத்துவது, மூன்று தடவையில் திருப்புவது, மதியம் சாலை ஓட்டம் எல்லாம் முடிந்து அவர் வந்தபோது இரண்டரை. பாஸ். பிரதீபாவும் மறுபடி ஓட்டினாள். புக்கிட்டில் அழகாக ஏறிவிட்டு, பக்கவாட்டில் நிறுத்தும்போது கம்பத்தை இடித்துப் பெயிலானாள். அதில் என் எண்ணெய்க்குப் பங்கில்லை என்று ஒரு கணம் நிம்மதிப்பட்டேன். அந்த நிம்மதிக்காக வெட்கப்பட்டு, அவளுக்கு ஒரு மைலோ வாங்கிக் கொடுத்தேன்.

அக்கா நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தார். முடிவுத் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். என் முழங்கையைப் பார்த்தார், கொப்புளம் கிளம்பியிருந்தது. பையைத் துழாவி ஒரு மருந்துக் குழாயை எடுத்து என் மடியில் போட்டார். அன்பாகப் போட்டார் என்று சொல்ல முடியாது, எறிந்தார்.

பிறகு கம்பெனிக்குப் போன் செய்தார்.

"அலோ, விமலா அக்காவா? பாப்பா பேசறேன். ஆமா, கெடச்சிருச்சி. கியருதான். திங்கக்கெழம நானே ஓட்டிட்டு வாரேன்... பொம்பளைங்க ஆறு பேருதானே?" என்னை ஒரு பார்வை பார்த்தார். "வேன்ல இன்னொரு சீட்டு இருக்கான்னு கேளுங்க. தரை தொடைக்கிற மாப் பிடிக்க ஓர் ஆம்பள ஆளு கெடைப்பான் போல இருக்கு. மெக்கானிக்கா இருந்தவன். இன்னும் அஞ்சு நிமிசத்துல உறுதியாத் தெரியும்."

அலுவலகக் கதவு திறந்தது. ஸ்கந்தராஜா சார் கையில் வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்திருந்தார்.

"தம்பி, இஞ்ச வாரும்."

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனேன்.